குளக்கரையில் விழுந்த லத்தி

அன்று மயிலாப்பூர்க் குளக்கரையில் இருந்தவர்கள் சிலம்ப வாத்தியார் தணிகாசலம், அவர் மகன் அம்மாசி, மருமகள் தேவானை, வாத்தியாரோடு சேர்ந்து கம்பு பழகிய அத்தர் கடை பீர் முஹம்மது, ஓர் இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள். விசில் ஊதியதுமே கூட்டம் கலைந்துவிட்டது. 'நானும் பார்த்தேன்' என்கிற மற்றவர்களெல்லாம் பிறகு முளைத்தவர்கள்.

நாற்பத்தொன்றாம் வருஷம். பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். "யுத்தத்துக்கு ஆளும் தர மாட்டோம், காசும் தர மாட்டோம்" என்று தெருவில் நின்று கூவி, அடித்தாலும் கை ஓங்காமல் கைதாவதாக அம்மாசி சத்தியம் செய்திருந்தான்.

தணிகாசலத்துக்கு அது பொறுக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் அடி வாங்கிக்கொண்டு சும்மா வீடு திரும்பியவன் கிடையாது. "வாங்கிக்கினு வந்தியானா வாசப்படி மிதிக்காதே" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

அம்மாசி கூவினான். லத்தி தோளில் இறங்கியது. அவன் அசையவில்லை.

"இன்னா வாத்தியாரே, புள்ளைக்குக் கை விளங்கலையா?" என்று கான்ஸ்டபிள் சிரித்தான்.

பீர் முஹம்மது வாத்தியாரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "பொறு. பையன் சத்தியம் பண்ணிக்கீறான்."

"என் மானம் போவுது பாய்."

மறு வீச்சு வந்தது. சிலம்பம் பழகிய அம்மாசியின் உடம்பு தானாக ஒரு சாண் விலகிற்று. லத்தி விளக்குக் கம்பத்தில் மோதி, கான்ஸ்டபிளின் கையை விட்டுத் துள்ளி, அம்மாசியின் காலடியில் விழுந்தது. அவன் குனிந்து எடுத்தான்.

இன்ஸ்பெக்டரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போயிற்று. தேவானை வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் கையில் கம்பு இருந்தால் நாலு பேர் கிட்டே வர முடியாது என்பது வாத்தியாருக்குத் தெரியும். "அடிடா" என்ற சொல் அவர் தொண்டைவரை வந்துவிட்டது.

அம்மாசி லத்தியை இரண்டு உள்ளங்கையிலும் கிடத்தி, தலை குனியாமல் நீட்டினான்.

"இந்தா அண்ணாத்தே."

சிலம்பக் கூடத்தில், கம்பைத் தவறவிட்டவனுக்கு ஜெயித்தவன் அப்படித்தான் திருப்பிக் கொடுப்பான். அதோடு ஆட்டம் முடிந்தது. கான்ஸ்டபிளுக்கு அந்த முறை தெரியாது. ஆனாலும் வாங்கிய கையை அவன் மறுபடி ஓங்கவில்லை. வாத்தியாரின் தொண்டையில் நின்ற சொல் உள்ளே இறங்கிப் போயிற்று.

விலங்கு மாட்டினார்கள். தேவானை அழுதாள்.

"இன்னாத்துக்கு அழுவுறே? ஜெயிச்சவன் போறான், வழி வுடு" என்றார் வாத்தியார். பிறகு மகனிடம், "வெளியே வுட்டதும் நேரா வூட்டுக்கு வா."

அம்மாசி போலீஸ்காரனின் லத்தியைப் பிடுங்கி ஓங்கினான் என்று லஸ் முனையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். பிடுங்கவில்லை. ஓங்கவுமில்லை. விழுந்ததை எடுத்துக் கொடுத்தான்.