‘நாங்க’ன்னா யாரு?

ரிசாலின் பாஸ்குவாவை அந்த மருத்துவமனை முதல் தடவை திருப்பி அனுப்பியதற்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை என்றால் நம்புவீர்களா? மார்க்கில் குறையில்லை. நர்ஸ் லைசென்ஸ் பரீட்சையை ஒரே மூச்சில் தாண்டியவள். அப்படியும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவளா சும்மா இருப்பாள்? போன் போட்டே கேட்டுவிட்டாள்.

"எதைக் கேட்டாலும் 'நாங்க பாத்தோம், நாங்க செஞ்சோம்'னே சொன்னீங்கம்மா. அந்த 'நாங்க'ன்னா யாரு? நீங்க என்ன செஞ்சீங்கன்னு எங்களுக்குப் பிடிபடவே இல்ல" என்றாள் போனில் பேசியவள். நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள், பாவம்.

ஹவாயின் வைபஹு ஊரில் பிலிப்பைன்ஸ்காரக் குடும்பத்தில் வளர்ந்த பெண் வேறெப்படிப் பேசுவாள்? வாயைத் திறந்தால் 'நான், நான்' என்கிற பிள்ளையை அந்தத் தெருவில் ஒருத்தரும் விருந்துக்குக்கூடக் கூப்பிடமாட்டார்கள்.

சரி, ஆறு மாதம் கழித்து மறுபடி ஆள் எடுத்தார்கள். புதிதாகப் படித்து வந்த நர்ஸுகளை ஒரு வருஷம் பக்கத்திலேயே வைத்துப் பழக்கி ஆளாக்கும் ரெசிடென்ஸி அது. ஹவாயில் அதை விட்டால் புது நர்ஸுக்கு வழி குறைவு. மற்ற இடங்களில் அனுபவம் இருக்கிறதா என்று கேட்பார்கள். வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? இன்னொரு பக்கம் லாஸ் வேகஸ் மருத்துவமனை ஒன்று 'உடனே வா' என்று கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சித்தி அங்கேதான் இருக்கிறாள், தங்க இடமும் உண்டு. ஆனால் ரிசாலினுக்குக் கடல் தாண்ட மனசில்லை.

"இங்க இருக்கற பாட்டி தாத்தாவைப் பாக்கத்தான் படிச்சேன். அவங்க என்ன வேகஸ்லயா படுத்திருக்காங்க?" என்றாள் அம்மாவிடம். கிடைக்குமா என்ற சந்தேகமே அவளுக்கு இல்லை. அந்த வார்த்தை மட்டும்தான் உதைத்தது.

புதன்கிழமை நேர்காணல். ஞாயிற்றுக்கிழமை வீடே உட்கார்ந்து, மாவுத் தாளில் கறியை வைத்து லும்பியா சுருட்டிக்கொண்டே அவளுக்குப் பயிற்சி கொடுத்தது. ரூடி மாமா கரோக்கி மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். பாட்டு சொதப்பினால் 'ஊஊ' என்று கூட்டமே கத்துகிற மாதிரி ஒரு பொத்தான் அதில் உண்டு.

"மிஸ் பாஸ்குவா, வார்டுல கஷ்டமான ஒரு நாளைப் பத்திச் சொல்லுங்க" என்றார் தொண்டையைச் செருமி.

"அன்னிக்கு நாங்க..."

ஊஊஊ!

"மாமா! இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

"ஆரம்பமே தப்புடி."

"சரி. அன்னிக்கு நானும் இன்னொரு நர்ஸும் சேந்து, நாங்க..."

ஊஊஊ!

அம்மா எஸ்த்ரெலிதா முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை பார்ப்பவள். மாவுத் தாளை விரித்தபடியே முணுமுணுத்தாள். "இருபது வருஷமா தற்பெருமை பேசாதேன்னு வளத்தேன். இப்ப பேசலன்னு ஊளை விடறான் உங்க மாமன்."

"அக்கா, நீ ஒருதரம் சொல்லிக் காட்டு. 'இந்த லும்பியா நான் செஞ்சேன்'னு சொல்லு பாப்போம்."

"நாங்க எல்லாருந்தானே செய்யறோம்..."

ஊஊஊ! அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையில் இருந்ததை மாமாமேல் விட்டெறிந்தாள்.

புதன்கிழமை ரிசாலின் தலை நிமிர்ந்து உள்ளே போனாள். எதிரே மூன்று பேர். நடுவில் வார்டு மேலாளர் கெகாவுலா. நரைத்த கொண்டை, காதோரம் ஒரு பூ. இந்தப் பக்கம் பயிற்சி ஆசிரியர். அந்தப் பக்கம் போன வருஷம் இதே ரெசிடென்ஸியை முடித்த ஒரு பையன்.

முதல் கேள்விகளை அவள் ஊதித் தள்ளினாள். நான் கேட்டேன், நான் பார்த்தேன், நான் சொன்னேன். மாமாவின் பொத்தானுக்கு வேலையே இல்லை.

அப்புறம் கெகாவுலா கேட்டார். "நீங்க செஞ்ச ஒரு தப்பைச் சொல்லுங்க."

"படிக்கும்போது வார்டுல ஒரு தாத்தா காப்பி கேட்டார். நான் கொடுத்துட்டேன்" என்றாள். "அன்னிக்கு அவருக்கு ஒரு டெஸ்ட், வெறும் வயித்துல இருக்கணும். கதவுலயே எழுதி மாட்டியிருந்துச்சு. நான் படிக்கல. கொடுத்த அப்புறந்தான் பாத்தேன். நானே போய் நர்ஸ்கிட்ட சொன்னேன், டாக்டர்கிட்டயும் சொன்னேன். டெஸ்ட் சாயங்காலம் வரைக்கும் தள்ளிப்போச்சு, பாவம், அவ்வளவு நேரமும் பட்டினி கிடந்தார். அவர்கிட்ட மன்னிப்பு கேட்டப்ப, 'காப்பியாவது நல்லா இருந்துச்சு, விடும்மா'ன்னார். அன்னியிலேருந்து கதவைப் படிக்காம நான் உள்ள கால் வைக்கறதில்ல."

கெகாவுலா பேனாவைக் கீழே வைத்தார். "சரி, இப்ப ஒரு நல்லதைச் சொல்லுங்க."

"அந்த வார்டுலயே ஒரு பாட்டி. மூச்சு முட்டிப் போய்க்கிட்டிருந்தப்ப நல்லவேளை, நாங்க கண்டுபிடிச்சிட்டோம்."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் 'ஊஊ' கேட்டது.

கெகாவுலா லேசாகப் புருவத்தைத் தூக்கினார். "'நாங்க'ன்னா யாரு?"

அதே கேள்வி! ஒரு நொடி அவளுக்கு லாஸ் வேகஸ் கண்முன் வந்து போனது. திருத்திக்கொண்டு 'நான்தான்' என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பொய்யாயிற்றே. முதல் நேர்காணலிலேயே இதைக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பாளே! கேட்டால் சொல்ல வேண்டியதுதானே?

"மூணு பேரு ஆன்டி" என்றாள். 'ஆன்டி' தானாக வந்துவிட்டது, வந்தது வரட்டும். "அந்தப் பாட்டி என்னைப் பாத்தாலே 'ஏண்டி இன்னும் கல்யாணம் ஆகல'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அன்னிக்குப் பண்ணல. அதைக் கவனிச்சது நான். மூச்சை எண்ணிப் பாத்தேன், ரொம்ப வேகமா இருந்துச்சு. தலையைத் தூக்கி உக்கார வெச்சுட்டு, கையை விடாம அங்கேயே நின்னேன். நான் கூப்பிட்ட குரலுக்கு ஓடிப் போய் ஆளைக் கூட்டிட்டு வந்தது உதவியாளர் ஃபெலி அக்கா. வந்து பாத்த உடனே ஆக்ஸிஜன் வெச்சு அவசரக் குழுவைக் கூப்பிட்டது எனக்குப் பயிற்சி கொடுத்த நர்ஸ் டான். இதுல ஒருத்தர் இல்லன்னாலும் பாட்டி இல்ல. அதனால அது 'நாங்க'தான். மாத்திச் சொல்ல மாட்டேன்."

போன வருஷத்துப் பையன் குனிந்து சிரித்தான். கெகாவுலா பேனாவை எடுத்து என்னவோ எழுதினார்.

வியாழக்கிழமை மாலை அம்மா வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம், ரிசாலினின் போன் அடித்தது. கெகாவுலாவே பேசினார்.

"நல்லது செஞ்சேன்னு சொல்ல எல்லாருக்கும் 'நான்' வரும், தப்புன்னு வந்தா 'நாங்க' ஆயிடும். உன் வாயில தலைகீழா வந்துச்சு. நாங்க அதைக் குறிச்சுக்கிட்டோம்."

ரிசாலினால் சும்மா இருக்க முடியவில்லை. "'நாங்க'ன்னா யாரு ஆன்டி?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் அடங்கவே வெகுநேரம் ஆனது. "மூணு பேரும்தான். மாச ஆரம்பத்துல வந்து சேரு. கதவைப் படிச்சிட்டு உள்ள வா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா ஒற்றைச் செருப்போடு அப்படியே நிற்கிறாள். உள்ளேயிருந்து ரூடி மாமா மைக்கோடு ஓடி வருகிறார்.

"நமக்குக் கிடைச்சிருச்சு!" என்று கத்தினாள் ரிசாலின்.

மாமாவின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே தயங்கியது. "'நமக்கு'ன்னா... அக்கா, இது சேருமா, சேராதா?"

"'நாங்க'ன்னாதானே ஊளை? இது 'நாம'டா. உன்னையும் சேத்துத்தான் சொல்றா, மூடிட்டுக் கையைத் தட்டு" என்றாள் எஸ்த்ரெலிதா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மாமா பக்கத்துப் பொத்தானை அமுக்கினார். மைக்குக்குள்ளிருந்த கூட்டம் அத்தனையும் கைதட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே ரிசாலின் வாசற்படியில் உட்கார்ந்து லாஸ் வேகஸுக்கு 'நான் வரவில்லை' என்று தட்டி அனுப்பினாள்.