நாற்பத்தோராம் பக்கம்

என் மகன் ஜீவானந்தம் ஒரகடத்துத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துக் காலை ஏழரைக்கு வீடு வருவான். பகலில் படுக்க அவனுக்கு இடமில்லை. வீட்டின் இரண்டு அறைகளில் ஒன்று முழுக்க என் தகப்பனாரின் புத்தகங்கள். மற்றதிலும் கட்டிலுக்கு அடியில், பரண்மேல், ஜன்னலை மறைத்து என்று அவைதான். கூடத்தில் டிவிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு புரள்வான். ஆடி மாதம் லைனில் நின்றபடியே கண் அயர்ந்துவிட்டான் என்று மெமோ கொடுத்தார்கள்.

"இன்னொரு மெமோ வந்தா வேலை பூடும் நைனா," என்றான். "ஒரு ரூம காலி பண்ணிக் குடு. இல்லாங்காட்டி பென்னலூர்ல வாடகைக்குப் பாத்துக்கினு நாங்க போறோம்."

சம்மதித்தேன். எடைக்குப் போட மட்டும் சம்மதிக்கவில்லை. ராஜாமணி வீட்டுப் புத்தகம் என்றால் வல்லக்கோட்டை வரை தெரியும். என் தகப்பனார் ராஜாமணி பக்கத்து டவுனில் ஒரு நூலகத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். எவரிடமும் ஓசியில் ஒரு டீ குடித்ததில்லை. இரவல் கேட்டு வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிடுவார். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் அவர் செய்து வைத்திருந்த ரப்பர் முத்திரை இருக்கும்: 'சொந்தப் புத்தகம். இரவல் இல்லை.'

புத்தகங்களை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லியனுப்பினேன். அதன் நூலகத்தைக் கவனிக்கும் லீலா டீச்சர் வந்து பார்த்தார். தனி அலமாரி, அதன்மேல் தகப்பனார் பெயர், மாலையோடு படம். என் நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"எங்க லைப்ரரிக்கு ஒரு ரகசியப் பக்கம் இருக்கு சார். எல்லா புக்லயும் அந்தப் பக்கத்துல ஒரு சீல் வெப்போம். முதல் பக்கத்தக் கிழிச்சு யாராவது எடுத்துனு போனாலும் அது காட்டிக் குடுத்துரும்."

"எந்தப் பக்கம்?"

"சொன்னா அப்புறம் இன்னா சார் ரகசியம்?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். தகப்பனார் வேலை பார்த்த நூலகத்துக்கு அது நாற்பத்தோராம் பக்கம். என் பிள்ளைப் பருவத்தில் பெருமையாக என் காதில் சொன்னார். நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரம் என் மருமகள் தென்றல் தகப்பனார் பெயர் அச்சிட்ட லேபிள்களை ஒட்ட உட்கார்ந்தாள். அவள் ஒரு கம்பெனியில் பாகங்களைச் சோதித்து அனுப்பும் வேலை செய்கிறாள். எதையும் புரட்டிப் பார்க்காமல் கைமாற்ற மாட்டாள்.

"மாமா, இது இன்னா சீலு? நாப்பத்தொண்ணாம் பக்கத்துல?"

ஊதா மையில் அந்த டவுன் நூலகத்தின் பெயர்.

"கழிச்ச புஸ்தகத்த ஏலம் போடுவாங்க. அதுல வாங்கினது."

"சரி மாமா," என்று குனிந்து வேலையைத் தொடர்ந்தாள்.

கழித்த புத்தகமானால் 'நீக்கம்' என்று சிவப்பில் இன்னொரு முத்திரை இருக்க வேண்டும். இல்லை.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு முதல் அலமாரியைப் பார்த்து முடித்தேன். ஒன்பது புத்தகங்களில் மட்டும் ஊதா முத்திரை இல்லை. இரண்டாவது அலமாரியைத் திறக்கவில்லை.

ஒரு நாவலில் அந்தத் தாளைக் கிழித்துப் பார்த்தேன். நாற்பதாம் பக்கத்தில் கிணற்றடிக்குப் போன பெண் நாற்பத்து மூன்றில் விதவையாக நின்றாள். அடுத்ததைக் கிழிக்கக் கை வரவில்லை. எடைக்குப் போட்டால் டீக்கடையில் அந்தத் தாளில்தான் வடை மடிப்பார்கள். எரித்தால் ஏன் என்று ஊர் கேட்கும். அந்த நூலகத்துக்கே திருப்பிக் கொடுத்தால், நீங்கள் யார் மகன் என்று கேட்பார்கள்.

சனிக்கிழமை பள்ளிக்கூட வேன் வந்தது. நான் நிலைப்படியில் நின்றேன்.

"குடுக்கறதா இல்ல டீச்சர்."

"சார், அலமாரிக்குப் பெயிண்ட் அடிச்சு அப்பா பேரு எழுதியாச்சே?"

"அழிச்சிடுங்க."

அப்போதுதான் படுத்திருந்த ஜீவானந்தம் எழுந்து வந்தான். கண்கள் இரண்டும் ரத்தமாக இருந்தன.

"இன்னா நைனா, வெளையாட்றியா? செத்துப்போன மன்சனுக்கு ரெண்டு ரூமு, உயிரோட கீறவனுக்குத் தரையா?"

"எங்கப்பாவப் பத்திப் பேசாதே."

"காரணத்தயாவது சொல்லேன்!"

"காரணம் சொல்ற வழக்கம் இந்தக் குடும்பத்துல இல்ல."

அவன் என்னையே பார்த்தான். பிறகு வேன் டிரைவரிடம், "போங்கண்ணா, பெரியவரு பொஸ்தகத்துலயே சமாதி கட்டிக்கப் போறாரு," என்றான்.

ஒன்றாம் தேதி அவர்கள் பென்னலூருக்குக் கிளம்பினார்கள். கட்டில், பீரோ, குழந்தையின் சைக்கிள் எல்லாம் மினி லாரியில் ஏறின. ஜீவானந்தம் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தென்றல் மட்டும் திரும்பி உள்ளே வந்தாள்.

"ரசப்பொடி மேல்தட்டுல வெச்சிருக்கேன் மாமா." குரலைத் தாழ்த்தினாள். "எல்லா புக்குக்கும் நான்தான் லேபிள் ஒட்னேன். எல்லாத்துலயும் பாத்தேன். அவராண்ட சொல்லல."

"எதைச் சொல்றே?" என்றேன், நிமிர்ந்து.

அவள் என் முகத்தில் எதையோ தேடினாள். "ஒண்ணுமில்ல மாமா," என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டாள்.

இப்போது கூடம் காலியாக இருக்கிறது. பகல் முழுக்க டிவி இல்லை, விசில் இல்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவன் படுத்தால் அசந்து தூங்கலாம்.