ஸ்யாமளா வீட்டுச் சிவப்பு எண்கள்

ஸ்யாமளாவின் ரேடியோவில் சிவப்பு எண்கள் எரிய ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைத்து என்ன செய்ய?

நான் சபிஹா. கோரிப்பாளையத்தில் தர்கா பக்கம் நூல், பட்டன், லேஸ், ஊக்கு விற்கிற கடை வைத்திருக்கிறேன். ஸ்யாமளாவுக்கு வில்லாபுரம், கணக்கு டீச்சர். வீட்டிலிருந்தபடியே ஊர் ஊராகப் பேசுகிற ஹாம் ரேடியோ பரீட்சைக்கு ஒன்றாகப் படித்து, ஒன்றாக லைசென்ஸ் வாங்கியவர்கள் நாங்கள். ஆளுக்கொரு பழைய செட். குமிழைத் திருகினால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முள் நகரும். அது நிற்கிற எண்தான் நாம் பேசுகிற இடம். காலையில் சுபுஹு தொழுதுவிட்டு நான் ஏழு புள்ளி பூஜ்யம் எண்பதில் போய் உட்கார்வேன். சுருக்கமாக எண்பது. ஸ்யாமளாவும் அங்கே வருவாள். ஒருத்தர் கொஞ்சம் தள்ளி நின்றாலும் போச்சு, பேசுவது வாத்து கத்துகிற மாதிரி கேட்கும்.

அவள் செட்டில் இன்றைக்கு எண்பது இருந்த இடத்தில் நாளைக்கு இருக்காது. அதனால் மைக்கை அழுத்தியதும் முதல் வேலையாக என்னைக் கேட்பாள், “சபி, நான் எங்க இருக்கேன்?” கொஞ்சம் மேலே ஏறு, இல்லை இறங்கு, ஆங் வந்துட்ட என்று நான் சொல்லிச் சொல்லி அவளைக் கொண்டுவந்து சேர்ப்பேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். என் மாமியார் மௌத்தான வாரத்தில்கூட அந்தக் கேள்வி நிற்கவில்லை. பிருந்தா வந்த பிறகு நின்றது.

பிருந்தா பழங்காநத்தத்துப் பெண். கம்ப்யூட்டர் வேலை, புது லைசென்ஸ். ஸ்யாமளாவை அக்கா என்பாள், என்னை ஆன்ட்டி என்பாள். ஸ்யாமளா என்னை விட மூத்தவள். இதை நான் யாரிடம் சொல்லி அழ? அந்தப் பெண் ஆன்லைனில் ஒரு சின்ன போர்டை மலிவாக வரவழைத்து, ஸ்யாமளாவின் செட்டுக்குள் ஒரு ஒயரைப் பற்றவைத்து மாட்டிக் கொடுத்துவிட்டாள். இனி முள்ளைப் பார்க்க வேண்டியதில்லை. இருக்கிற இடத்தை அதுவே சிவப்பு எண்ணில் காட்டிவிடும்.

மறுநாள் காலை ஸ்யாமளாவின் குரல் எடுத்த எடுப்பிலேயே சுத்தமாக வந்தது. கேள்வி இல்லை. டிஜிட்டல் டிஸ்ப்ளே போட்ட கதையைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, இனி உன்னைத் தினமும் தொந்தரவு பண்ண வேண்டாம் பாரு என்றாள். தொந்தரவாம். அம்புட்டு வருஷமும் நான் தொந்தரவென்றா நினைத்தேன்? நல்லதுடி என்று சொல்லிவிட்டு, கடை திறக்க நேரமாச்சு என்று செட்டை அணைத்துவிட்டேன். கடை திறக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

அதன்பின் தினமும் பிருந்தா புராணம்தான். பிருந்தா இப்படிச் சொன்னாள், பிருந்தா அப்படிச் செய்தாள், பிருந்தாவுக்கு ஸ்யாமளா வைக்கிற வத்தக்குழம்பு பிடிக்குமாம். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. கடையில் பச்சை நூல் கேட்டவருக்கு நீலத்தைக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் நஜீம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “ஒனக்குச் சக்களத்தி வந்துட்டா போலயே சபிஹா” என்றார். அன்றைக்கு அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ. மனுஷன் வாயைத் திறக்காமல் குடித்தார்.

யோசித்து யோசித்து எனக்கு ஒன்று தோன்றியது. மலிவுச் சாமான் என்றால் அதில் எங்கேயோ ஒரு தப்பு இருக்கத்தானே செய்யும்? அந்தத் தப்பைக் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு பண்ணினேன். என் முள்ளின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அதை இழுக்கிற பழைய நூல் அறுந்துபோனபோது, என் கடையில் பாசி கோக்கிற நைலான் நூலை எடுத்து நானே கட்டியிருந்தேன். கடையிலேயே உசத்தியான நூல். பல்லால் கடித்தாலும் அறாது.

வெள்ளிக்கிழமை கடையை நஜீம் தலையில் கட்டிவிட்டு, என் செட்டை வயர்கூடையில் வைத்து, ஆட்டோவில் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வில்லாபுரம் போய் இறங்கினேன். பிருந்தாவும் அங்கே இருந்தாள். இருப்பாளே. ஸ்யாமளா கூடையைப் பார்த்து ஏண்டி இதைச் சுமந்து வந்தே என்றாள். ஒத்துப் பார்க்கலாம் என்றேன்.

ரேடியோவில் சேலத்துக்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து வருகிற ஏரியல் ஒயரை இரண்டு செட்டிலும் மாற்றி மாற்றிச் செருகி, இரண்டிலும் அவர் குரல் தெளியும்வரை திருகினோம். என் முள் எண்பத்தாறில் நின்றது. சிவப்பு எண் தொண்ணூறு என்றது.

“நாலு தப்பா காட்டுது” என்றேன். சந்தோஷத்தை அடக்க முடியவில்லை, அடக்கவும் பார்க்கவில்லை.

ஆன்ட்டி, அது வந்து என்று பிருந்தா ஆரம்பித்தாள். ஸ்யாமளா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பெண் கப்பென்று வாயை மூடிக்கொண்டது. எனக்கு அது போதும், தோற்றுவிட்டார்கள். பிறகு ஸ்யாமளா என் பக்கம் திரும்பி, “நீயே சரி பண்ணு சபி” என்றாள்.

அந்த போர்டு நிஜமாக எண்ணுவது செட்டுக்குள் ஓடும் வேறொரு அலையைத்தான். அதோடு எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்று நாம் பழக்கி வைக்க வேண்டும். அதற்குப் பின்னால் பொத்தான் உண்டு. எந்தப் பொத்தான் என்பதை மட்டும் பிருந்தாவிடம் கேட்டுக்கொண்டு, கூட்டலில் நாலைக் குறைத்து, தொண்ணூறை எண்பத்தாறாக்கினேன். பிருந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தச் சந்தோஷம் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான். ஆட்டோவில் குலுங்கி வந்த செட்டாயிற்றே, எதற்கும் பார்ப்போம் என்று மூடியைக் கழற்றினேன். குமிழைத் திருகினால் முள் உடனே நகரவில்லை. என் கடை நூல் பழைய பாவாடை நாடா மாதிரி தொளதொளவென்று தொங்கியது. அறாத நூல்தான். ஆனால் இழுவை தாங்காமல் நீண்டிருக்கிறது. நீளும் என்று எனக்குத் தெரியாதா? பாசி கோக்க வருகிறவர்களிடம், நல்லா இழுத்துவிட்டு அப்புறம் முடிச்சுப் போடுங்க என்று நித்தமும் சொல்கிறவள் நான்.

முள்ளை எண்பதில் வைத்து, எண்ணைத் துல்லியமாகக் காட்டுகிற கம்பெனி செட் வைத்திருக்கிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டேன். எண்பத்து நாலு என்றார். ஆட்டோ குலுக்கல்தான் என்று ஒரு நிமிஷம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நேற்று நான் போர்டில் குறைத்ததும் அதே நாலு. ஆட்டோ மேல் பழி போட வழியில்லை.

ஸ்யாமளாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் கேட்டேன், “என் முள்ளு தப்புன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

போர்டு மாட்டிய முதல் நாளே தெரியும் என்றாள். முதலில் எண்பதில் போய் நின்று கேட்டிருக்கிறாள். நான் கூப்பிடுவது வாத்துச் சத்தமாகத்தான் கேட்டதாம். காதை வைத்துத் திருகித் திருகி என்னிடம் வந்து சேர்ந்தபோது போர்டு எண்பத்து நாலு காட்டியிருக்கிறது. அன்றிலிருந்து தினமும் எண்பத்து நாலுக்கே வந்திருக்கிறாள்.

“அப்ப ஏன்டி என்கிட்டச் சொல்லல?”

“சொன்னா உன் மூஞ்சி என்னாகும்னு எனக்குத் தெரியாதா? சரியான எடத்துல போய்த் தனியா ஒக்காந்து நான் யாருகூடப் பேச, சபி?”

அதற்கு நல்லவிதமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என் புத்தி எங்கே போகும்? பிருந்தாவுக்கும் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு மறைத்து ஒரு ரகசியம் வைத்திருந்தார்கள். மறுபடி வயிறு எரிந்தது. அவளையே வந்து உன் போர்டைத் திருத்தச் சொல்லு என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

“அவளைத் தொட விடல. கெடுத்தவதான் வந்து சரி பண்ணணும்” என்று சொல்லி ஸ்யாமளா போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அந்த நைலான் நூலை அறுத்து எறிந்தேன். வேறு நூல் கட்டவில்லை, என் கடையில் இருக்கிற எதையும் நம்ப மனசு வரவில்லை. முள் கீழே விழுந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தொழுதுவிட்டுச் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எண்ணும் இல்லை, முள்ளும் இல்லை, வெறும் கண்ணாடி. ஸ்யாமளா வருவாளோ மாட்டாளோ என்று பயமாக இருந்தது. குருட்டாம்போக்கில் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன். இரைச்சலுக்கு நடுவில் ஒரு வாத்து கத்தியது. திருகினேன். வாத்து மெல்ல மெல்ல ஸ்யாமளா ஆனாள்.

“சபி, என் போர்டுல நீ வச்ச கணக்கு தப்பு. நான் எங்க இருக்கேன்னு நீதான் சொல்லணும்.”

நான் மைக்கை அழுத்தினேன்.

“தெரியலடி. நீ பேசிக்கிட்டே இரு, நான் வாரேன்.”