கமலாட்சியின் பெட்டி

அக்கராயனில் கமலாட்சியின் சவப்பெட்டியை ஆறு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. வவுனியாவிலிருந்து வந்த அனோஜனின் குழு, கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் மேளங்களை விடாமல் அடித்தது. "உள்ளுக்கு ஆட்டுக்கல்லையும் வைச்சு மூடிப்போட்டினமோ?" என்று கேட்ட, அந்த ஆறு பேரில் ஒருவனான கிருசாந்தன், இரண்டாம் முறை தூக்கிப் பார்த்தபின் சிரிக்கவில்லை.

அந்த மேளங்களில் குறை சொல்ல முடியாது. மழையில் தொய்யாது, நெருப்பில் காய்ச்சத் தேவையில்லை. கல்யாணவீட்டிலும் செத்தவீட்டிலும் ஒரே மாதிரிக் கேட்கும். கமலாட்சியின் கணவர் பழனியாண்டி தப்படிப்பதை நிறுத்திய பிறகுதான் ஊரார் அந்த மேளக்காரரைக் கூப்பிடத் தொடங்கினார்கள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. தப்பின் சட்டத்தை வேப்பமரத்தில் அவரே செதுக்கினார். புளியங்கொட்டைப் பசை பூசிக் கன்றுத்தோலை ஒட்டியபோது, மறுபக்கம் இழுத்துப் பிடித்தவன் மகன் கிருபன். போர் முடிந்த கிழமையில் அவன் காணாமல் போனான். கமலாட்சி அவனுடைய படத்தோடு, காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடும் தாய்மாரின் கிளிநொச்சி வீதியோரக் கொட்டகையில் வருடக்கணக்காக இருந்தார். பழனியாண்டி தப்பைத் தொடாமல் இருந்தார். அதில் சாவுக்கான அடி விழுந்தால், மகனுக்கும் சேர்த்து அடித்ததாகிவிடும் என்று இருவரும் நம்பினார்கள்.

பொழுது சாய்ந்தது. பெட்டியின் அடியில் எறும்பு ஊரத் தொடங்கியது.

"அண்ணை, அவாவுக்கு இது தன்ர செத்தவீடெண்டே விளங்கேல்லைப் போல. நீங்கள் அடியுங்கோ" என்றார் பக்கத்து வீட்டு அருந்ததி.

"நான் அடிச்சா, அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடுமே, தங்கச்சி."

"அடிக்காட்டி அவா இஞ்சயே கிடப்பா."

பழனியாண்டி எழுந்துபோய்த் தப்பை எடுத்து வந்தார். பிறகு முற்றத்தில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். அனோஜன் தன் ஆட்களைக் கையமர்த்தினான். முதல் அடி கரகரத்தது. இரண்டாவது அடியில் தோல் இறுகிப் பழைய சத்தம் வந்தது. பெட்டி எழும்பியது.

தலைமாட்டில் வலது மூலை, மகன் தோள் கொடுக்கும் இடம். அங்கே நின்ற கிருசாந்தன் கைவைக்கும் முன்பே அந்த மூலை உயர்ந்திருந்தது. அவன் விலகிக்கொண்டான். மற்ற ஐந்து பேரும் நடந்தார்கள், பெட்டி சரியவில்லை. படலை வாசலில் சனம் நெருக்கியபோது அருந்ததி, "தள்ளி நில்லுங்கோ, பிள்ளைக்கு இடம் விடுங்கோ" என்றார். எல்லாரும் தள்ளி நின்றார்கள்.

தப்படிப்பவர் பெட்டிக்கு முன்னால்தான் நடப்பார். பழனியாண்டி சுடலைவரைக்கும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.