படுக்கையிலிருந்து ஒரு வழக்குத் தவணை

சண்டை ஓய்ந்த வருஷம் அது. கரடியனாற்றில் தங்கச்சி வீட்டு முன்னறையில் அன்னப்பூரணி நல்ல சேலை உடுத்திக் கட்டிலில் கிடந்தாள். அன்று நீதிமன்றத்தில் அவளுக்கு வழக்குத் தவணை.

"எழும்ப ஏலாத ஆளுக்கு என்னத்துக்குக்கா சேலை?" என்று தங்கச்சி சிவமணி கேட்டதற்கு, "கோடெண்டா கோடுதான்" என்றாள்.

படகு திருடியதாக வழக்கு. இரண்டு வருஷத்துக்கு முந்தி வாகரையில் பீரங்கிச் செல்லடி உக்கிரமாகி, சனம் வாவிக்கரைக்கு ஓடியபோது, கரையில் கிடந்த கனகசூரியத்தின் படகைத் தள்ளி இறக்கியவள் அவள்தான். சுனாமியில் எல்லாம் பறிகொடுத்த அந்த மனிசனுக்கு நிவாரணமாகக் கிடைத்த படகு. கேட்டு எடுக்க ஆள் அங்கே இல்லை. குழந்தை குட்டிகளை ஏற்றி மாங்கேணிக் கரையில் விட்டாள். மறுபடி போய் ஏற்றி வந்து இறங்கும்போது செல் துண்டு இடுப்பில் பாய்ந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். படகு என்னவானது என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. அவள் விற்றுத் தின்றுவிட்டதாகக் கதை பரவியது. கனகசூரியமும் அதை நம்பிப் பொலிசுக்குப் போனார்.

முதல் தவணைக்கு உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். குண்டும் குழியுமான ரோட்டில் ஆறிய காயம் பிளந்து, பாதி வழியிலேயே ஆஸ்பத்திரிக்குத் திருப்ப வேண்டியதாயிற்று. அடுத்த தவணைகளுக்குப் போக முடியவில்லை. அவளைப் பிடித்துவரச் சொல்லிப் பிடியாணை வந்தது. அன்றிலிருந்து வாசலில் வாகனம் நின்றாலே, பொலிசோ என்று தங்கச்சியை எட்டிப் பார்க்கச் சொல்வாள்.

சட்டத்தரணி துசாந்தன்தான் டொக்டரின் அறிக்கையைக் காட்டி, போனில் விசாரிக்க அனுமதி கேட்டார். அந்தக் கோட்டில் அப்படியொன்று நடந்ததேயில்லை. நீதவான் அம்மா யோசித்துவிட்டு, கிராம சேவகர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

கிராம சேவகர் நல்லரத்தினம் ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தலைமாட்டில் வைத்தார். கோட்டின் மின்விசிறிச் சத்தமும் அங்கே யாரோ இருமுவதும் கேட்டன. அவள் பேரைக் கூப்பிட்டார்கள். அன்னப்பூரணி பதறி, கையை ஊன்றி எழும்பப் பார்த்தாள். நோவில் முனகல் வந்துவிட்டது.

"என்ன சத்தம் அது?" நீதவானின் குரல்.

"எழும்பப் பாக்கிறா, அம்மா" என்றார் கிராம சேவகர்.

"வேண்டாம். படுத்துக்கொண்டே சொல்லுங்கள். படகை எடுத்தீர்களா?"

"ஓம் அம்மா, எடுத்தன். விக்கல்ல. சனத்தை ஏத்தினன். மாங்கேணியில படகைக் கட்ட முதல் விழுந்திட்டன். பிறகு எனக்கு நினைவில்ல."

சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

"நான் ஒண்டு கேக்கலாமா, அம்மா?" கோட்டில் நின்ற கனகசூரியத்தின் குரல் அது. "தங்கச்சி, இதை ஏன் எனக்கு முதலே சொல்லி அனுப்பல்ல?"

"எந்த முகாமில இருக்கிறீங்க எண்டு தெரியாதண்ணே. தேடி வரவும் என்னால ஏலாது."

அவர் பெருமூச்சு விட்டது இங்கே வரை கேட்டது. "வித்திட்டா எண்டு சொன்னாங்க, அம்மா. நானும் நம்பிட்டன். எனக்கு இந்த வழக்கு வேணாம்."

நீதவான் துசாந்தனிடமும் பொலிசிடமும் ஏதோ கேட்டார். பிறகு தெளிவாகச் சொன்னார்: பிடியாணை மீளப் பெறப்படுகிறது, குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுவிக்கப்படுகிறார்.

"விளங்கினதா, அம்மா?" என்று அன்னப்பூரணியைக் கேட்டார்.

"ஓம் அம்மா." கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது.

போனை வைப்பதற்கு முன், துசாந்தனிடம் அதை வாங்கிக் கோட்டு வாசலிலிருந்து கனகசூரியம் மறுபடி பேசினார். "தங்கச்சி, உன்னோட வந்த சனமெல்லாம் கரை சேந்திச்சா?"

"எல்லாரும் சேந்தாங்க அண்ணே."

"அப்ப சரி. காயத்தைப் பாத்துக்கொள்."

சிவமணி அழுதுகொண்டே சிரித்தாள். அன்னப்பூரணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "பசிக்குதடி" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சோறு கேட்டது அன்றுதான்.