மீன்தொட்டியில் ஒரு கப்பி

அக்கா இரண்டு வருடமாக ஒரு மரக்கப்பிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறாள். முந்நூறு வருடத்துக்கு முன் மூழ்கிய கப்பலில் பாய்மரக் கயிறு ஓடிய கப்பி. கடலுக்கடியில் சௌக்கியமாகத்தான் இருந்தது. வெளியே எடுத்த பிறகுதான் அதற்கு ஆபத்தே. மரத்துக்குள் ஊறிய உப்பு, வாராவாரம் நல்ல தண்ணீர் மாற்றினால்தான் இறங்கும். உப்பு இறங்கியதும் மெழுகு ஏற்றுவார்கள். அதற்குமுன் காய்ந்தால் கப்பி பிளந்து விறகாகிவிடும்.

"வீட்டுல ஒரு குடம் தண்ணி பிடிக்க மாட்டா" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள்.

அக்கா வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் புதுக் காட்சிக்கூடத்தின் திறப்பு விழா வந்தது. கப்பியைத் துடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டில் இரண்டு மணி நேரம் வைக்கச் சொன்னார் இயக்குநர். அக்கா மறுத்தாள்.

"முந்நூறு வருஷம் கெடாதது ரெண்டு மணி நேரத்துல கெட்டுடுமாம்மா?"

"மீன்கூடக் கடல்ல கெடாமத்தான் சார் இருக்கு. வெளிய எடுத்து ரெண்டு மணி நேரம் வச்சுப் பாருங்க."

தண்ணீர்த் தொட்டியோடு வைக்கலாமா என்று கேட்டாள். ஈரப் பொருள் எதையும் காட்சிக்கூடத்தில் வைக்கக் கூடாது என்ற விதியை எடுத்துக் காட்டினார். கூரை ஒழுகிய வருடம் போட்ட விதி. ஒழுகல் நின்றுவிட்டது, விதி நிற்கவில்லை.

ஆனால் வாசல் கூடத்தில் இயக்குநரே ஆசையாக வாங்கி வைத்த மீன்தொட்டி இருந்தது. ஐந்து தங்கமீன்கள். அலங்காரப் பொருள் என்று மேலிடத்தில் விலக்கும் வாங்கியிருந்தார்.

விழாவன்று காலையில் அக்கா தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, மீன்களோடு கப்பியையும் இறக்கினாள். இயக்குநர் அதைப் பார்த்தபோது விருந்தினரின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. திட்டுவதற்கு நேரமில்லை.

சிறப்பு விருந்தினர் காலி வெல்வெட்டைக் குனிந்து பார்த்து, மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு மீன்தொட்டியின் முன் நின்றார். ஒரு மீன் கப்பியின் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது.

"இது என்ன?"

"முந்நூறு வருஷத்துக் கப்பி சார்" என்றாள் அக்கா.

"சரி. மீனுக்கு என்ன வயசு?"

"விசாரிச்சுச் சொல்றேன் சார்" என்றார் இயக்குநர்.

மதியமே கப்பி தன் பழைய தொட்டிக்குத் திரும்பியது. லென்ஸ் வைத்துத் தேடியும் ஒரு விரிசல்கூட இல்லை. மறுவாரம் விருந்தினர் அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் கடிதம் வந்தது. மீனின் வயது குறித்த கோப்பை இயக்குநர் அக்காவின் மேசைக்கே அனுப்பிவிட்டார். அவள் அதைக் காய்ந்த இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள்.