செவலைத் தோல் சீட்டு

1956ஆம் வருஷம் ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள், மத்திகிரிக்குப் பக்கத்தில் பண்ணைக்காரன் வெங்கடப்பனின் காருக்குள் முடி முளைத்தது. ஆமாம், முடிதான். இரண்டு சீட்டிலும் செம்பட்டையாக, விரற்கடை உயரத்துக்கு. காலையில் ஆள் வைத்துச் சிரைத்தார்கள். சாயங்காலத்துக்குள் மறுபடி வளர்ந்து நின்றது.

சீமையிலிருந்து கப்பலில் வந்த பந்தயக் கார் அது. டேஷ்போர்டு வாதுமை மரம், கதவின் உட்புறம் மெத்தென்ற கம்பளி. ஆனால் பெங்களூர் விருந்து ஒன்றில் ஓர் எஸ்டேட்காரர் சீட்டைக் கிள்ளிப் பார்த்து, “ரெக்சினா?” என்று கேட்டுத் தொலைத்தார். அன்றிலிருந்து வெங்கடப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அசல் தோல் தேடி அலைந்தான். குந்தாரப்பள்ளிச் சந்தையில் தடவிப் பார்த்த மாட்டுக்கெல்லாம் முதுகில் சாட்டைத் தழும்பு. கடைசியில் கண்ணில் பட்டது கெம்பம்மாவின் செவலை. புருஷனை இழந்த அவள் ஏழு வருஷமாகச் சாட்டையே தொடாமல், வாய்ச்சொல்லாலேயே ஏர் ஓட்டினவள். அந்த மாட்டின் தோலில் ஒரு கீறல் கிடையாது.

“உம் மாட்டக் குடுத்துடு கெம்பி. என்ன வெலைன்னாலும் சொல்லு.”

“அது ஏர்ல இடப்பக்கத்து மாடு சாமி. அது போச்சுன்னா அதோட சோடி மயிலை வேற எதுகூடவும் பூட்டுக்கு நிக்காது. நான் எதை வெச்சு உழுவேன்?”

தன் ராகியை மேய்ந்ததென்று பொய்ப்பழி போட்டு மாட்டைப் பிடித்துப் போனான் வெங்கடப்பன். மூன்றாம் நாள் செவலையின் தோல் ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறிக் கிடந்தது. பதமானதும் காரின் இரண்டு சீட்டிலும் ஏறியது. கெம்பம்மா அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, அவனுக்கு ஒரு நாள் வரும் என்று காத்திருந்தாள்.

முடி முளைத்த சேதி காதில் விழுந்ததும், மயிலையை நுகத்தின் வலப்பக்கம் நிறுத்திவிட்டு ரோட்டோரம் வந்து நின்றாள். ஓசூரை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது கார்.

“செவலே! உம் பக்கம் காலியாக் கெடக்குதுடா, வா!”

ஸ்டியரிங்கை வெங்கடப்பன் எவ்வளவு இழுத்தும் கேட்காமல் கார் வரப்பேறி இறங்கி, மயிலைக்கு இடப்பக்கம் வந்து நின்றது. மயிலை அதன் மூக்கை மோந்து பார்த்துவிட்டுப் பூட்டுக்குக் கழுத்தைக் கொடுத்தது. வெங்கடப்பன் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. உண்ணி மாதிரி சீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தான்.

“கெம்பம்மா, தாயே, வுட்டுடச் சொல்லும்மா!”

“நானா புடிச்சிருக்கேன்? மாட்டக் கேளு.”

பெங்களூரிலிருந்து வந்த மெக்கானிக், என்ஜினில் கோளாறு எதுவுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வெங்கடப்பனின் பெண்சாதி வேளாவேளைக்கு வரப்புக்குக் களி கொண்டுவந்து ஊட்டினாள். மூன்று வருஷம் மயிலையும் காரும் உழுத அந்த நிலத்தில் ராகி நன்றாக விளைந்தது. ஊர்க்காரர்கள் நின்று பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள்.

முதல் அறுவடை முடிந்த வாரமே கெம்பம்மா குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாட்டை வாங்கி வந்தாள். செவலையை எப்போதும்போல வாய்ச்சொல்லால்தான் ஓட்டினாள். சாட்டை வெங்கடப்பனுக்கு. அதையும் சீட்டில் படாமல் பார்த்துத்தான் அடித்தாள். நல்ல தோல் அது.